கத்தரிக்காயை ஒதுக்கிய காகம்

கொள்ளிடக்கரை அக்கா

இறந்துபோனவர்களை மறுபடி எங்காவது சந்தித்ததுண்டா என்று இங்கே கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் தம்பி இறந்தபோது அவனுக்கு 19 வயது. 2009 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலிடெக்னிக்கில் கடைசித் தேர்வு எழுதி நான்கு நாள்கூட ஆகவில்லை. சிநேகிதர்கள் நால்வரோடு கொள்ளிடத்தில் கிரிக்கெட் விளையாடப் போனான்.

திருச்சிப் பக்கம் வந்திராதவர்களுக்கு இது புரியாது. ஆற்றில் எப்படிக் கிரிக்கெட் என்பார்கள். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. பாசனத்துக்கான தண்ணீர் காவிரியில் போகும். வெள்ளக்காலத்தில் மிஞ்சியதைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். ஆகவே ஆண்டில் பாதி நாளுக்கு மேல் கொள்ளிடம் என்றால் மணல்தான். ஸ்டம்பு நடலாம், மாடு மேய்க்கலாம், பேசிக்கொண்டே நடந்து அக்கரைக்குப் போய்விடலாம். ஆனால் லாரி லாரியாக மணல் அள்ளிய இடங்களில் குழிகள் இருந்தன. ஊற்றுநீர் நிறைந்து, பார்வைக்கு ஊர்க்குளம் போலச் சாதுவாகக் கிடக்கும். முழங்கால் ஆழத்திலிருந்து இரண்டு எட்டு வைத்தால் இரண்டு ஆள் ஆழம். விளிம்பில் காலை ஊன்றினால் மணலும் சரிந்து கூடவே வரும்.

பந்து அதில் விழுந்தது. எடுக்க இறங்கியவன் என் தம்பி இல்லை, அவனுடைய சிநேகிதன். தம்பிக்கு நீச்சல் தெரியும். பெரியப்பா வீட்டுக் கிணற்றில் கற்றுக்கொண்டவன். அந்தத் தைரியத்தில்தான் குதித்தான். தெரியாமல் இருந்திருந்தால் கரையில் நின்று கத்தியிருப்பான், இன்று முன்தலையில் முடி கொட்டி, சொத்துத் தகராறில் என்னோடு பேசாமல் இருந்திருப்பான். அப்படி ஒரு தம்பி எனக்கு இல்லையே என்று எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன்.

சிநேகிதன் பிழைத்துக்கொண்டான்.

காவல் நிலையத்தில் ஒரு மஞ்சள் பையைக் கையில் கொடுத்தார்கள். மடித்து வைத்த சட்டை, செருப்பு, கைபேசி. சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கைபேசியில் ஆறு தவறிய அழைப்புகள், ஆறும் அம்மாவுடையவை. அன்று வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. அதனால்தான் சாப்பிட வராமல் இழுத்தடிக்கிறான் என்று மூன்று மணிவரை அம்மா திட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் வருஷத் திதியன்று மொட்டை மாடியில் இலை போட்டு அழைத்தோம். இரண்டே நிமிடத்தில் ஒரு காகம் வந்தது. பருப்புச் சாதத்தைத் தின்றது, வடையைத் தின்றது. கத்தரிக்காயை மட்டும் அலகால் தள்ளி இலைக்கு வெளியே விட்டது. "அவன்தான், அவனேதான்" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எந்தக் காகம் வடையை விட்டுவிட்டுக் கத்தரிக்காயைத் தின்றிருக்கிறது?" என்றார் அப்பா. அப்படிக் கேட்டவர்தான் அன்று மாடியிலிருந்து கடைசியாக இறங்கி வந்தார்.

நான் சொல்ல வந்தது காகத்தை அல்ல, பிழைத்த அந்தப் பையனை.

பதினாறாம் நாள் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றான். அம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இலை போட்டாள். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "ஏன் வந்தாய்" என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. "ஏன் இருக்கிறாய்" என்றுதான் தோன்றியது. கேவலமான நினைப்புத்தான். ஏழு வருஷம் அந்த நினைப்போடு இருந்தேன். தீபாவளிக்கு அவன் வந்தால் அடுக்களையை விட்டு வரமாட்டேன். கல்யாணமான பிறகு, அவன் வந்துபோய்விட்டானா என்று விசாரித்துக்கொண்டுதான் அம்மா வீட்டுக்குக் கிளம்புவேன்.

2016இல் ஆடிப்பெருக்கும் ஆடி அமாவாசையும் ஒரே நாளில் வந்தன, ஆகஸ்ட் 2. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் புதுப்பெண்கள் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். நான்கு படி தள்ளி எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டு வரிசை வரிசையாக ஆண்கள். அப்பா தம் தகப்பனாருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் செருப்புகளுக்கும் பைக்கும் காவல்.

அப்போது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. புரோகிதர் ஒருவர், "தகப்பனார் இருக்கிறாரா?" என்கிறார். "இருக்கிறார்." "அப்படியானால் நீ எள்ளைத் தொடக் கூடாது. எழுந்திரு, அடுத்த ஆள் உட்காரட்டும்." எழுந்து திரும்பியவன் அவன்தான். என்னைப் பார்க்கவில்லை. நேரே போய் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கினான். அங்கே கட்டியிருந்த பசுவுக்கு நீட்டினான். மற்றவர்கள் கட்டைப் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிக் காம்புவரை நின்றான். கட்டியிருந்த வாழைநார் மட்டும் மிச்சம். அதை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

நான்தான் போய்ப் பேசினேன். ஏழு வருஷமாகக் கேட்க நினைத்ததை நலம்கூட விசாரிக்காமல் கேட்டேன்: "அம்மா என்று கூப்பிட்டானா?"

"யாரும் கத்தவில்லை, அக்கா. கத்த மூச்சு எங்கே இருந்தது? கீழேயிருந்து என் உள்ளங்காலைக் கையில் ஏந்தி மேலே தள்ளினான். இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்கு நான் காத்துக்கொண்டிருந்தேன்."

பிறகு சட்டைப் பையில் கையை விட்டான். "முதல் நாள் ராத்திரி பரோட்டாவுக்கு அவன்தான் காசு கொடுத்தான். என் பங்கு 30 ரூபாய். யாரிடம் எப்படித் தருவது என்று தெரியவில்லை" என்று மூன்று பத்து ரூபாய்த் தாள்களை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பத்து ரூபாய்க்கு நானும் ஒரு கட்டுக் கீரை வாங்கி அதே பசுவுக்குக் கொடுத்தேன். மீதி பஸ் டிக்கெட்டுக்குப் போயிற்று. "பத்திரமாக வைத்திருக்கலாமே அம்மா" என்கிறாள் என் மகள். திரும்பி வந்த கடனை யாராவது பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களா?

தாமிரபரணிக்காரன்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் போனது என் பெரிய அக்கா. 1971 ஐப்பசி. ஆற்றில் புதுவெள்ளம். துவைக்கப் போனவள் படித்துறையில் வழுக்கிவிட்டாள். 13 வயது. நான் பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. ஆகவே நான் பார்த்திராத அக்கா அவள். ஆனாலும் வீட்டில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் மரியாதை. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்குப் புரியும்: மணமாகாமல் போன பெண் அந்த வீட்டின் கன்னி. பூசை மூலையில் உத்தரத்திலிருந்து ஓலைப்பெட்டி ஒன்று தொங்கும். உள்ளே பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி. வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியை இறக்கி, புதுத்துணி வைத்துப் படைத்து, போன வருஷத் துணியை வீட்டுப் பெண்பிள்ளைகளில் ஒருத்திக்கு உடுத்தக் கொடுப்போம்.

ஜவுளிக்கடையில் அம்மா அளவு சொல்வதே ஒரு காட்சி. "13 வயசுப் பிள்ளை, கொஞ்சம் உயரம்" என்பாள். 1985இலும் அதேதான், 2005இலும் அதேதான். கடைக்காரர், "வளர்கிற பிள்ளை, ஒரு சுற்றுப் பெரிதாக எடுங்கள்" என்றால் அம்மா பதில் பேசாமல் அதே அளவை எடுத்துக் கட்டச் சொல்வாள்.

என் மகளுக்கு 13 நடந்த வருஷம் அந்தப் பாவாடை அவளுக்குத் தைத்தாற்போலப் பொருந்தியது. கூடத்தில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பாயில் இடம் விட்டாள். என் அக்காவை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மறு வருஷம் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது.

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்

31 ஆண்டுகள் பணியில் இருந்தேன். எடுத்துக் கொடுத்த பிள்ளைகளின் கணக்கை வைத்துக்கொள்ளக் கூடாது என்று மூத்தவர்கள் சொன்னார்கள், வைத்துக்கொள்ளவில்லை.

கொள்ளிடக்கரை அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையன் சொன்னது முழு உண்மை. மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கூப்பிடுவதில்லை. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வருவதே கண நேரம். அதற்குள் மூச்சு இழுக்க வேண்டும், குரலுக்கு எங்கே போவது? கைகள் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். கரையில் இருப்பவர்கள் விளையாடுகிறான் என்றே நினைப்பார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. கிணற்று நீச்சலும் ஆற்றுக்கு உதவாது. கிணற்றில் பிடித்துக்கொள்ளச் சுவர் உண்டு, படி உண்டு. மணற்குழியில் பிடிக்க ஒன்றும் இல்லை. மூழ்குகிறவன் காப்பாற்ற வந்தவனைத்தான் பிடிப்பான். அதில் யார்மேலும் குற்றமில்லை, அம்மா.

குதிக்காதீர்கள், எதையாவது வீசுங்கள் என்று பள்ளி பள்ளியாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். கயிறு, வேட்டி, மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன், எதுவானாலும் சரி. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் விளையாட வந்த இளைஞர்கள் நால்வர் மூழ்கியபோது, அங்கே துணி துவைக்க வந்திருந்த பெண்கள் மூவர் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இருவரை இழுத்துப் போட்டார்கள். மற்ற இருவரை எட்ட முடியவில்லை. அந்த மூவருக்கும் அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. எங்கள் பயிற்சிப் பாடத்தை அவர்களுக்கு யாரும் நடத்தவில்லை.

சந்திப்பு என்று கேட்டால் ஒன்று இருக்கிறது. இருட்டிவிட்டால் தேடுவதை நிறுத்திவிட்டு விடிந்ததும் தொடங்குவோம். வீட்டார் கரையை விட்டுப் போகமாட்டார்கள். ஒருமுறை, பாதாளக்கரண்டியைச் சுருட்டி வைத்துவிட்டு வண்டியில் ஏறப்போனேன். பையனின் தாயார் வந்தார். அழவில்லை. "ஐயா, அடியில் தண்ணீர் குளிருமா?" என்று கேட்டார். அவனுக்குச் சளித்தொல்லையாம்.

"இல்லை அம்மா, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்" என்றேன். ஆழத்தில் நடுங்கும். இறங்கியவன் எனக்குத் தெரியாதா? பணிக்காலத்தில் நான் எழுதிய அறிக்கை எதிலும் பொய் இருந்ததில்லை. சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மூங்கில் தடி

எனக்கு எழுத வராது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் வெள்ளியங்கிரி மலை ஏறிவிட்டு இறங்கும்போது ஈரப்பாறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுப் போனார். 28 வயது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். டோலி கட்டித் தூக்கி வந்தார்கள், அடிவாரம் வரும்வரை உயிர் இல்லை.

இங்கே எல்லோருக்கும் கனவோ காகமோ வருகிறது. எனக்கு 11 வருஷத்தில் ஒரு கனவுகூட வரவில்லை. அன்பு குறைவோ என்று மாமியாரே ஒருமுறை கேட்டுவிட்டார். அவர் துக்கத்தில் கேட்டது, விட்டுவிட்டேன்.

அடிவாரத்தில் வாங்கி ஊன்றிக்கொண்டு போன மூங்கில் தடியைக் கூடப் போனவர் கொண்டுவந்து கொடுத்தார். ஏழு மலையும் ஊன்றியதில் அடிமுனை பூவாக விரிந்திருந்தது. இரண்டு வருஷம் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தேன். மூன்றாம் வருஷம் கொல்லை முருங்கையில் காய் எட்டவில்லை. அந்தத் தடியின் நுனியில் அரிவாள் கட்டித் துரட்டியாக்கிவிட்டேன். இப்போது தெருவே வந்து இரவல் கேட்கிறது. கொடுத்தால், திரும்ப வரும்வரை நான்கு தடவை வாசலை எட்டிப் பார்ப்பேன். இது சந்திப்பில் சேருமா அக்கா?

கொள்ளிடக்கரை அக்கா

சேரும், தங்கச்சி. எனக்கும் கனவு வந்ததில்லை. அம்மாவுக்குத்தான் வரும், அதுவும் அவன் பசியோடு வந்தான் என்பதாகவே வரும். தடியைக் கொடுக்கும்போது ராத்திரிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடு.

ஐயா, நீங்கள் சொன்னதை நேற்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்ல பொய்" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பையனுக்குப் போன வருஷம் கல்யாணமாயிற்று. முறைக்குப் பத்திரிகை வைக்க அவன் வந்தபோது அடுக்களையிலிருந்து நான்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவுக்கு இப்போது முழங்கால் முடியவில்லை. ஆனாலும் திதி நாளில் மாடிப்படி ஏறிவிடுகிறாள். இந்த வருஷமும் இலையில் கத்தரிக்காய் இருந்தது. அவனுக்குத்தான் பிடிக்காதே, ஏன் வருஷா வருஷம் வைக்கிறாய் என்று கேட்டேன்.

"ஒதுக்குகிறானா என்று பார்க்க வேண்டாமா?" என்றாள்.