பழைய அடுக்குமாடியில் வாடகைக்கு: மழையில் போய்ப் பாருங்கள்

அக்கா, நாகர்கோவிலில் பழைய அடுக்குமாடியில் வீடு பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வடசேரிப் பக்கம், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மேல்மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

நாங்கள் கொடுக்கும் வாடகைக்குக் கிடைக்கக்கூடிய புது வீட்டில் கட்டிலைப் போட்டால் பீரோவைத் திறக்க இடமிருக்காது. இங்கே கூடத்தில் சின்னவன் சைக்கிள் ஓட்டுகிறான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்து வெளியேறுகிறது, மின்விசிறி தேவைப்படுவதில்லை. ஜன்னலுக்குக் கொக்கி மாட்ட மறந்தால் கண்ணாடி போய்விடும், அது வேறு கதை.

தொல்லை மழையில்தான். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஒன்றில் நனைந்த சுவர் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கருப்புப் பூஞ்சை. குளியலறை மேல்தளத்தில் கையகலத்துக்குக் காரை பெயர்ந்து, உள்ளே கம்பி செதில் செதிலாகத் துருப்பிடித்துத் தெரிகிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும். அது பருத்தால் கான்கிரீட் வெடிக்கும். மேலே சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் அடுத்த மழையில் மறுபடி விழும். வீடு பார்க்கப் போகும்போது புதுப் பெயிண்ட் வாடை அடித்தால் சந்தேகப்படுங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். டியூப் லைட்டும் மின்விசிறியும் போதும் என்றிருந்த காலத்து வயரிங். கிரைண்டர் ஓடும்போது ஹீட்டர் போட்டால் ஃபியூஸ் போகிறது.

எங்கள் வீட்டு உரிமையாளர் வளைகுடாவில் இருக்கிறார். பழுது என்று போன் செய்தால் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி" என்பார். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் பேச வாய் வந்தது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், ஜன்னல் கண்ணாடி நம் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிவிட்டால் அதுதான் செல்லும். கையெழுத்துக்கு முன்பே வாசித்துவிடுங்கள்.

— குளச்சலிலிருந்து: அண்ணன் சொன்ன துரு, கடல் பக்கம் இன்னும் வேகம். உப்புக்காற்று பால்கனிக் கம்பியை அரித்துவிட்டது. பிள்ளைகளை அதில் சாய விடுவதே இல்லை. ஆனாலும் இடம் மாற மனமில்லை. பிரசவத்துக்குப் போயிருந்தபோது வீட்டைப் பார்த்துக்கொண்டது எதிர்வீட்டு அக்காதான். புதுக் குடியிருப்பில் இருக்கும் என் தங்கைக்கு எதிர்வீட்டில் யார் என்றே தெரியாது.

— மார்த்தாண்டத்திலிருந்து: மாத வாடகையா, மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் ஒற்றியா அக்கா? ஒற்றி என்றால் பத்திரம் பதியாமல் ரூபாய் கொடுக்காதீர்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள். பொதுப் பராமரிப்புக்குச் சங்கம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். எங்கள் கட்டடத்தில் உரிமையாளர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. மோட்டார் எரிந்தால் யார் பணம் போடுவது என்று முடிவாவதற்குள் நாங்கள் குடம் தூக்குகிறோம்.

— வடசேரி அண்ணன்: ஒன்று விட்டுப்போயிற்று. மேல்மாடிதான் கிடைக்கிறது என்றால், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று ஏறிப் பாருங்கள். எங்களுக்குப் படுக்கையறைக்கு நேர் மேலே.