கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் எழுத்தாளர்களை அறிய புத்தகம் போதாதா, இலக்கியக் கூட்டத்துக்கும் போகணுமா?

கந்தகபூமி:
போன வாரம் ஊர்ல ஒரு நாவல் வெளியீடு. அழைப்பிதழ்ல மாலை 6 மணி. மைக் வந்ததே ஆறே முக்காலுக்கு. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, முதல் பிரதி வாங்க ஒருத்தர், ரெண்டாம் பிரதி வாங்க ஒருத்தர். வாழ்த்திப் பேசினவங்கள்ல ஒருத்தர்தான் புத்தகத்தைத் தொட்டிருந்தார், அதுவும் முன்னுரை வரைக்கும். எழுதினவர் ஏற்புரைக்கு எந்திரிக்கும்போது பாதி நாற்காலி காலி. 'சீக்கிரம் முடிங்க'ன்னு கையில துண்டுச்சீட்டு வேற. இந்த நேரத்துக்கு வீட்ல இருந்திருந்தா பூமணியோட 'பிறகு' நாவல்ல பாதி படிச்சிருப்பேன். எழுத்தாளரை அறிய அவர் எழுத்தே போதும். கூட்டம்கிறது ஊர்ப் பெரிய மனுஷங்களுக்கு நடத்துற விழா.

தெற்கு பஜார்:
நீங்க சொல்றது வெளியீட்டு விழா. அதை வச்சு எல்லாக் கூட்டத்தையும் அளக்காதீங்க அண்ணாச்சி. கண்மாயை மையமா வச்ச ஒரு நாவலைப் பத்தி இங்க சின்னதா ஒரு வாசகர் சந்திப்பு நடந்துச்சு. பேசினவர் மடை திறக்குறதைப் பத்தி என்னவோ சொல்லிக்கிட்டு இருந்தார். கடைசி வரிசையில துண்டைத் தோள்ல போட்டிருந்த ஒரு பெரியவர் எந்திரிச்சு, "அப்படி இல்லய்யா, தண்ணிக்குள்ள முங்கி, மடையை அடைச்சிருக்கிற குமிழிக் கல்லைத் தடவிப் பிடிச்சு, மூச்சு முட்டுறதுக்குள்ள தூக்கணும். கரையில நிக்கிறவனுக்கு மேல வர்ற கொப்புளம் மட்டும்தான் தெரியும்"னு சொல்லி, கல்லோட கனத்தை ரெண்டு கையாலயும் காட்டினார். அவர் அந்த நாவலைப் படிச்சவர் இல்ல. எழுத்தாளர் நோட்டை எடுத்துக் குறிச்சுக்கிட்டார். இது எந்தப் புத்தகத்துல கிடைக்கும்?

கந்தகபூமி:
கண்மாய்க் கரையில போய் உட்கார்ந்தாலே அந்தப் பெரியவர் கிடைப்பார். அதுக்கு ஹால் வாடகை எதுக்கு?

தெற்கு பஜார்:
கிடைப்பார், சரி. கேட்க நாம போயிருக்கமா? நாவல் வந்ததாலதான் மடையைப் பத்தி ஒருத்தர் கேட்டார், இன்னொருத்தர் சொன்னார்.

ஒற்றையடி:
கந்தகபூமி பக்கம்தான் நான். கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் இடைசெவல் என்ற ஒரே ஊரில், 1923-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி 1970-லேயே போய்விட்டார். அன்பளிப்பு தொகுப்புக்கு சாகித்ய அகாதமி விருது அறிவித்தபோது வாங்க அவர் இல்லை. இன்று அவரை வாசிப்பவர்களில் எத்தனை பேர் அவரை நேரில் பார்த்திருப்பார்கள்? 'ராஜா வந்திருக்கிறார்' கதை அதனால் குறைந்தா போயிற்று? கி.ரா.வுக்கு அவர் எழுதிய கடிதங்கள் தனி நூலாகவே வந்திருக்கின்றன. எந்த மேடையும் தராத நெருக்கம் அதில் இருக்கிறது. மேடையில் பேசத் தெரியாத நல்ல எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் கூட்டி வந்து மைக் முன்னால் நிறுத்துவது அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

புழுதிக்காடு:
ஒற்றையடி, நீங்க சொல்ற கடிதம் மட்டும் எப்படி வந்துச்சு? ரெண்டு பேரும் ஒரே ஊர்ல பேசிப் பேசி வளர்ந்ததால வந்துச்சு. கி.ரா. 1982-ல கொண்டுவந்த வட்டார வழக்குச் சொல்லகராதியும் தனியா உட்கார்ந்து எழுதினதில்ல. பல ஊர் ஆட்கள் சொல் திரட்டிக் கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி எழுபதுகள்ல கோவில்பட்டி இளவட்டங்க காந்தி மைதானத்துல ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து பேசுனாங்க. பல எழுத்தாளர்கள் கிளம்புனது அங்கிருந்துதான். 1970-ல அழகிரிசாமி, 1991-ல கி.ரா., 2014-ல பூமணி, 2019-ல சோ. தர்மன்னு ஒரே சுத்துவட்டாரத்துக்கு இத்தனை அகாதமி விருது வந்ததுக்கு மண்ணு மட்டுமா காரணம்? பேச்சும்தான்.

மஞ்சணத்தி:
காந்தி மைதானத்துல ராத்திரி ராத்திரியான்னு எல்லாரும் பெருமையா எழுதுறீங்க. அந்தக் கதையில ஒரு பொம்பளை பேராவது இருக்கா? இன்னைக்கும் அதே கதைதான். 6 மணின்னு போட்டு ஏழுக்கு ஆரம்பிச்சு ஒன்பதரைக்கு முடிக்கிறீங்க, எங்க ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பது மணி. கேள்வி-பதில் வர்றதுக்குள்ள நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கணும். அதுக்கப்புறம் டீக்கடையில ஒரு மணி நேரம் பேசுவீங்க, 'நெஜக் கூட்டமே அங்கதான்'னு மறுநாள் பேஸ்புக்ல போடுவீங்க. எனக்குப் புத்தகம் மட்டும்தான் வாய்க்குது. கூட்டம் வேணுமா வேண்டாமாங்கிறதை அப்புறம் பார்ப்போம். அது எத்தனை மணிக்குன்னு முதல்ல பேசுங்க.

தெற்கு பஜார்:
தாயி, இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. நீங்க சொல்றது நெசம்.

நூலகத் தூசி:
நான் புத்தகக் கடை வச்சிருந்தவன். யாரும் கணக்குப் பேசலையே, அதான் எழுதுறேன். முன்னாடி ஒரு பதிப்புன்னா ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி போடுவாங்க. இப்போ தேவைக்கு அச்சடிக்கிற முறை வந்ததால நூறு, இருநூறோட நிறுத்திக்கிறாங்க. ராயல்டி வழக்கமா பத்து சதவீதம், அதுவும் கேட்டு வாங்குறவங்களுக்கு. பூமணி, தர்மன் புத்தகத்துக்கு ஆன்லைன் இருக்கு, புத்தகக் காட்சி இருக்கு. பூமணியோட 'வெக்கை'க்கு 2019-ல 'அசுரன்' படம் வந்த பிறகு புது வாசகர்களும் வந்தாங்க. விருதும் சினிமாவும் இல்லாத ஆளு என்ன பண்ணுவார்? பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் கதைத் தொகுப்பு போட்டார்னா, அது விக்கிறது கூட்டத்து வாசல்ல போட்ட மேசையிலதான். கந்தகபூமி வீட்ல உட்கார்ந்து படிக்கிறது ஏற்கெனவே பேர் வாங்கினவங்களைத்தான். புதுசா எழுதுற ஆளோட பேரே அவருக்குத் தெரிய வராது.

கந்தகபூமி:
இது நியாயமான பாயிண்ட். ஆனா மேசையில வாங்கினவங்கள்ல எத்தனை பேர் படிக்கிறாங்க? கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து, அலமாரியில வச்சிடுறாங்க. இன்னொண்ணு. எழுத்தாளர் நமக்குப் பழக்கமாயிட்டா விமர்சனம் செத்துப்போகும். நாளைக்கு மார்க்கெட்ல முகத்துக்கு முகம் பார்க்கணுமேன்னு எல்லா நாவலும் 'கரிசல் காவியம்' ஆயிடுது. இங்க வர்ற மதிப்புரையில பாதி கல்யாண வாழ்த்து மடல் மாதிரிதான் இருக்கு.

ஒற்றையடி:
அதைவிட மோசமானது 'நம்ம ஆளு' மனநிலை. பூமணியின் 'அஞ்ஞாடி' 1895 கழுகுமலை, 1899 சிவகாசி சாதிக் கலவரங்களைத் தொட்டு எழுதப்பட்ட நாவல், ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதை உள்ளூரில் பேச எடுத்தால் முதல் பத்து நிமிடத்திலேயே, எங்கள் சாதியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. வெளியூர்க்காரன் அதை நாவலாகப் படிக்கிறான், நாம் பட்டாவாகப் படிக்கிறோம்.

புழுதிக்காடு:
வந்துட்டுப் போகுதுய்யா அந்தக் கேள்வி! மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வீட்ல தனியாப் படிச்சா மட்டும் போயிடுமா? கூட்டத்துல கேட்டா பக்கத்துல இருக்கிற வேற சாதிக்காரன் பதில் சொல்வான். கழுகுமலைக் கூட்டம் ஒண்ணுல அப்படி ஒரு வாக்குவாதம் நான் கேட்டிருக்கேன். சத்தமாத்தான் நடந்துச்சு, ஆனா ரெண்டு பக்கமும் பக்க எண் சொல்லிச் சண்டை போட்டாங்க. அப்போ படிச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்? கந்தகபூமி கேட்ட விமர்சனம் இதுல இருந்துதான் வரும்.

மஞ்சணத்தி:
பக்க எண் சொல்லிச் சண்டை போடுற கூட்டம்னா நானும் வாரேன். ஞாயித்துக்கிழமை காலையில வைங்க. புத்தகப் பேரை ஒரு மாசம் முன்னாடி சொல்லிடுங்க. படிக்காதவங்க கேட்கலாம், மைக் பிடிக்கக் கூடாது.

கந்தகபூமி:
பொன்னாடை இல்லைன்னா எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க. ஆனா எழுத்தாளரைக் கூப்பிடாதீங்க. அவர் இல்லாத இடத்துலதான் நாம வாயைத் திறப்போம்.

தெற்கு பஜார்:
அதெப்படி? முதல் ஒரு மணி நேரம் நாம பேசுவோம், அப்புறம் அவர் வரட்டும்.

கந்தகபூமி:
வந்தா நடுவுல குறுக்க விழுந்து விளக்கம் சொல்லக் கூடாது. கதையில இல்லாததை வாயால சொல்லி ஒட்டவைக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

நூலகத் தூசி:
புத்தக மேசைக்கு இடம் விடுங்கப்பா. அதை மறந்துட்டு மத்ததெல்லாம் பேசுறீங்க.