மறுமொழி: ஸ்கிட் பிளேட்டுக்குத் தமிழில் என்ன? ‘அடிலாடம்’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இதுதான்: கல்லும் மேடுமான பாதையில் ஓடும் வண்டிக்கு அடியில், என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் டீசல் டேங்குக்கும் கீழே பூட்டுகிற கனத்த தகட்டை எப்படி எழுதுவது? அடிக்கவசம், சறுக்குத்தகடு, மெய்ம்மறை என்று மூன்று வந்திருக்கின்றன, ‘சம்ப் கார்டு’ என்று இங்கிலீஷிலேயே விட்டுவிடலாம் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் அந்தத் தகட்டை என் பழைய ஜீப்புக்கு இரண்டு முறை செய்தவன், முதல் முறை தப்பாகச் செய்தவன். அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன்.

> ‘சம்ப் கார்டு’ என்றே எழுதினால் என்ன? எல்லாருக்கும் புரிகிறதே.

புரியவில்லை என்பதுதான் சிக்கல். சென்னையில் சம்ப் என்றால் வீட்டு வாசலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. இந்தச் சொல்லில் சம்ப் என்பது என்ஜின் ஆயில் நிற்கும் பாத்திரம், ஆனால் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் அதைச் சேம்பர் என்றுதான் சொல்கிறார்கள், ‘கல்லு சேம்பரை அடிச்சிருச்சு’ என்று. கார்டு என்றாலோ முன்னால் பம்பரில் மாட்டும் கம்பிதான் பலருக்கு நினைவு வரும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியதும் அந்தக் கம்பியைப் பற்றித்தான். இதெல்லாம் போக, தகடு சேம்பரை மட்டும் காப்பதில்லை. எங்கள் மாதிரி பழைய ஜீப்பில் முன்அச்சு என்ஜினுக்குக் கீழேயே மேலும் கீழும் ஆடுவதால் அங்கே தகட்டுக்கு இடமே குறைவு. நடுவில் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான் (என்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முதலில் தகடு வேண்டியிருக்கும். அதைப் போய் ‘சம்ப் கார்டு’ என்று எப்படிச் சொல்வது?

> அடிக்கவசம் போதும். கவசம் எல்லாருக்கும் தெரிந்த சொல்.

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் முதலில் கவசம் என்றே நினைத்தேன், அப்படி நினைத்ததால்தான் தப்பாகச் செய்தேன்.

அட்டைப்பெட்டியைப் பிரித்து, வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, அட்டையை மேலே பிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டு மாதிரி வெட்டினேன். பட்டறையில் 5 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட்டில் அதை வெட்டி, சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) குறுக்குச் சட்டங்களில் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளில் பெரிய அறுகோணத் தலை போல்ட் போட்டு முறுக்கினோம். கல் வந்து இடிக்கும், தகடு தடுக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். முன்விளிம்பை மேலே வளைக்கவும் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் பாறைப்படி ஒன்றிலிருந்து இறங்கும்போது வண்டியின் முழு எடையும் அந்தத் தகட்டின் மேல் உட்கார்ந்தது. இடி ஒன்றும் பெரிதாக இல்லை. அதன் பிறகு வண்டி முன்னால் நகர வேண்டுமே, நகரவில்லை. வெளியே துருத்திக்கொண்டிருந்த ஒரு போல்ட் தலை பாறை வெடிப்பில் மாட்டிக்கொண்டது. கிளட்சை விட்டு இன்னும் கொஞ்சம் உந்தினேன், டக்கென்று தலை வெட்டுப்பட்டது, முன்பக்கம் தொங்கிப்போன தகடு ஏர்க்கொழு மாதிரி மண்ணை உழுதுகொண்டு நின்றுவிட்டது. ஜாக்கி வைத்து, மீதி மூன்று போல்ட்டையும் சேற்றுக்குள் கைவிட்டுக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அன்று வீடு திரும்பினோம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கவசம் நின்று அடி வாங்குவது, இந்தத் தகடு மிதித்து நகர்வது. கல்லைத் தடுத்து நிறுத்துவது இதன் வேலையே இல்லை. வண்டியின் எடையைத் தான் வாங்கி, அதைச் சேசிஸுக்குக் கொண்டுபோய், கல்லின் மேல் வழுக்கியபடி வண்டியை அந்தப் பக்கம் இறக்கிவிட வேண்டும். ரப்பர் மவுண்டில் ஆடிக்கொண்டிருக்கும் என்ஜினிலோ கியர்பெட்டியிலோ இதைப் பூட்டக்கூடாது, சேசிஸில்தான் பூட்ட வேண்டும் என்பதற்கும் அதுதான் காரணம். முன்விளிம்பு படகின் மூக்கு மாதிரி மேலேறி இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். இரண்டு தகடு அடுத்தடுத்து வந்தால், முன்தகட்டின் பின்விளிம்பு பின்தகட்டின் முன்விளிம்புக்குக் கீழே படிய வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் உள்ளே போகாமல் ஓடு வேய்கிறோமே, அதையே தலைகீழாக, முன்னாலிருந்து வரும் கல்லுக்காகச் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவசம் என்ற சொல்லில் இது எதுவுமே தெரிவதில்லை.

மெய்ம்மறையும் (உடம்பை மறைக்கும் கவசம்) இதே காரணத்தால் எனக்கு ஒட்டவில்லை. பதிற்றுப்பத்தில் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று வரும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வீரர்களுக்கு முன்னால் நிற்கும் அரசனைச் சொல்வது அது. காலுக்கு அடியில் கிடந்து தேய்கிற பொருளுக்கு அந்தச் சொல்லை இறக்க மனம் வரவில்லை.

> அப்படியென்றால் சறுக்குத்தகடு சரிதானே, வழுக்குவதுதானே வேலை?

பொருளில் இது கிட்டத்தட்டச் சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலைப்பாதை ஓட்டுபவர்களிடம் ‘சறுக்குது’ என்று சொல்லிப் பாருங்கள், டயர் பிடிப்பில்லாமல் போகிறது என்றுதான் கேட்பார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பதும் தடுமாறுவதைத்தானே சொல்கிறது. இன்னொன்று, சேற்றிலோ மணலிலோ டயர் சுற்றினால் அதற்கு அடியில் செருகிப் பிடிப்பு உண்டாக்கும் பலகைகள் தனியாக விற்கின்றன. ‘சறுக்குத்தகடு’ என்று எழுதினால் வாசகர் அதைத்தான் நினைப்பார், அதுவோ நேர் எதிரான வேலையைச் செய்வது. அதனால் இதை நான் விட்டுவிட்டேன்.

இனி என் சொல். லாடம். முழுச்சொல்லாக அடிலாடம்.

காளைக்கு லாடம் அடிப்பதை நேரில் பார்த்தவர்கள் இந்தக் குழுவில் இருப்பீர்கள். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவி மட்டமாக்கி, அதற்குப் பிறகுதான் லாடத்தை வைத்து ஆணி இறக்குவார்கள். அது குளம்பைக் காக்கிறது, சரிதான். ஆனால் எப்படிக் காக்கிறது? மாட்டின் எடையையும் பாரத்தின் எடையையும் தான் வாங்கி, ரோட்டில் தான் தேய்ந்து, குளம்பு தேயாமல் பார்த்துக்கொள்கிறது. தேய்ந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு அடிக்கலாம். நம் தகடும் அச்சாக அதுவேதான். என் இரண்டாவது தகட்டைப் போன மாதம் கழற்றிப் பார்த்தேன், பெயின்ட் மொத்தமும் போய், முன்னிருந்து பின்னாக நீளநீளமாக வெள்ளிக் கோடுகள், முன்வளைவில் மட்டும் விரல் வைத்தால் உள்வாங்குகிற ஒரு பள்ளம். தேய்ந்த லாடத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பது போலவே இருந்தது.

ஒப்புமை இதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடம், ஒவ்வொரு பிளவும் தனியாக அசைய வேண்டும் அல்லவா. வண்டிக்கும் ஒரே பெரிய தகடாகப் போடுவதைவிட என்ஜினுக்கு ஒன்று, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒன்று, டேங்குக்கு ஒன்று என்று துண்டாகப் போடுவதுதான் நல்லது. கியர்பெட்டியைக் கழற்ற வேண்டும் என்றால் அந்த ஒன்றை மட்டும் இறக்கினால் போதும், ஒருவரே மல்லாந்து படுத்துத் தூக்கிப் பிடிக்கவும் முடியும். அப்புறம் குதிரை லாடம். அதில் ஆணித்தலை வெளியே துருத்தாமல் உட்கார அடிப்பக்கத்தில் ஒரு பள்ளக்கோடு ஓடும். நான் முதல் தகட்டில் செய்யாமல் விட்டது இதைத்தான். இரண்டாவது தகட்டில் ஓட்டையைச் சரிவாகக் குடைந்து, பட்டறையில் சி.எஸ்.கே. போல்ட் என்பார்களே, தலை தகட்டுக்குள்ளேயே அமர்ந்துவிடும் அந்த போல்ட்டைப் போட்டேன். (இதற்குப் ‘புதைதலை மரையாணி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன், அதைத் தனி இழையில் பேசலாம். மரை என்ற சொல் பட்டறையில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, ‘மரை தேஞ்சு போச்சு’ என்று எல்லாரும் சொல்கிறோம்.)

வண்டிச் சொற்களை மாட்டுவண்டியிலிருந்து எடுப்பதும் புதிது இல்லை. அச்சு அங்கிருந்து வந்ததுதான். லாடமும் ஏற்கெனவே ஒரு முறை இடம் மாறிய சொல், குளம்பிலிருந்து பூட்சின் அடிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து ஜீப்பின் அடிக்கு வருவது ஒன்றும் பெரிய தூரம் இல்லை.

> லாடம் கட்டுவது என்றால் போலீஸ் ஸ்டேஷன் நினைவு அல்லவா வருகிறது?

வரும். இது நியாயமான தடை, நானும் ரொம்ப நேரம் இதில் நின்றேன். அதனால்தான் ‘கட்டு’ என்ற வினையை இதனோடு சேர்க்க வேண்டாம் என்கிறேன். இலங்கையில் வண்டிக்கு எதையும் பொருத்துவதைப் பூட்டுவது என்றுதான் சொல்கிறார்கள், ‘லைட் பூட்டினது’ என்று. நாமும் ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். அடிலாடம் பூட்டுதல் என்று வைத்தால் சிக்கல் தீர்ந்தது. இங்கே இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் இதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

> லகரம் தமிழில் மொழிமுதல் வராதே. இலாடம் என்றல்லவா எழுத வேண்டும்?

இலக்கணப்படி நீங்கள் சொல்வது சரி ஐயா. ஆனால் அடி + இலாடம் சேர்ந்தால் அடியிலாடம் ஆகிறது, அதைப் படிக்கும்போது கண் ‘அடியில் ஆடும்’ என்று பிரித்துவிடுகிறது. நன்றாக முறுக்கிய தகடு அடியில் ஆடும் என்ற நினைப்பு யாருக்கும் வரக்கூடாது. ‘அடிலாடம்’ என்று சேர்த்து எழுதினால் லகரம் சொல்லின் நடுவில் வந்துவிடுகிறது, வாய்க்கும் எளிது. தனியாக வரும் இடத்தில் இலாடம் என்று எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை.

எந்த உலோகம் என்று சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் 4 மி.மீ. இரும்புத் தகடு கிட்டத்தட்ட 19 கிலோ வரும். அதே அளவில் 6 மி.மீ. அலுமினியம் 10 கிலோவுக்குள் முடிந்துவிடும். கனம் இரண்டு மடங்கானால் வளையாமல் நிற்கும் திறம் எட்டு மடங்காக ஏறுவதால், அந்த 6 மி.மீ. அலுமினியம் 4 மி.மீ. இரும்பைவிடக் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும். ஆனாலும் நான் இரும்பின் பக்கம்தான். அலுமினியத்தைக் கல் கீறி உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும், இரும்பு வழுக்கிக்கொண்டு போகும். வளைந்தாலும் சுத்தியால் அடித்து நிமிர்த்தி, எந்த ஊரிலும் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். எடைதான் முக்கியம் என்றால் அலுமினியம் போடுங்கள், ஆனால் 6061-டி6 ரகத்தை இறுக்கமாக வளைத்தால் வெடிக்கும், வளைக்க 5052 நல்லது.

செய்யப்போகிறவர்களுக்கு இன்னும் சில குறிப்புகள். சேசிஸின் மேல்-கீழ் விளிம்புகளில் புதிதாக ஓட்டை போடாதீர்கள், சட்டம் பலவீனமாகும். ஆயில் இறக்கும் திருகுக்கு நேராகத் தகட்டில் ஒரு வாய் விடுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சில ஓட்டைகளும் வேண்டும், ஏனென்றால் தகட்டுக்கு மேலே தேங்கும் சேறு துருப்பிடிக்க வைக்கும், அங்கே சேரும் காய்ந்த புல் சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கவே வாய்ப்பு உண்டு. இதை நேரில் சொன்னால்கூடப் பலர் காதில் வாங்குவதில்லை, அதனால் இங்கே அழுத்தி எழுதுகிறேன்.

பக்கவாட்டில், கதவுக்குக் கீழே நீளமாகப் போடும் குழாயை இதோடு சேர்க்க வேண்டாம். அது தகடே இல்லை, அதில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கவும் செய்கிறோம். அதற்கு ‘ஓரத்தாங்கி’ என்று வைக்கலாம்.

விக்சனரியில் ஏற்றுவதற்கு வரைவு ஒன்று எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

அடிலாடம் (பெயர்ச்சொல்): கரட்டுப்பாதை வண்டியின் அடியில் சேசிஸோடு பூட்டப்பட்டு, பாறை மேல் படும்போது வண்டியின் எடையைத் தாங்கி, உறுப்புகள் அடிபடாமல் வண்டியை நகரவிடும், தேய்ந்தால் மாற்றக்கூடிய உலோகத் தகடு. எ.கா: என்ஜின் லாடம், டேங்க் லாடம். வினை: அடிலாடம் பூட்டுதல்.

நேற்று வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தபோது, எந்த விளக்கமும் சொல்லாமல், ‘டேங்குக்கு அடியில ஒரு லாடம் போடணும்ணே’ என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன். அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு, ‘எத்தனை எம்.எம். பிளேட்டு?’ என்றார்.