கன்வெர்ஜென்ஸ்-க்கு தமிழ்ல என்ன போடலாம்? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்

மண்டபம், கணினி ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு சொல் வேணும். எங்க பிளஸ் டூ பசங்களுக்கும் பக்கத்து பாலிடெக்னிக் பசங்களுக்கும் சேத்து ரெண்டு நாள் பயிற்சி வச்சிருக்கோம். போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே ஆப் ஓடுற மாதிரி எப்படி எழுதறதுன்னு சொல்லிக்குடுக்கப் போறோம். கையேடு 16 பக்கம், உள்ள இருக்கறதெல்லாம் எழுதி முடிச்சாச்சு, தலைப்புல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். இப்படி ஒரே ஆப் ரெண்டுலயும் ஓடுறதத்தான் கன்வெர்ஜென்ஸ்ங்கிறாங்க, அதுக்குத் தமிழ்ல என்ன போட?

விஷயம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 2013-ல உபுண்டு எட்ஜ்னு ஒரு போனுக்கு மக்கள்கிட்டயே பணம் கேட்டாங்க, திரையோட இணைச்சா அந்தப் போனே முழு கம்ப்யூட்டர் ஆயிரும்னாங்க. இலக்கு 3.2 கோடி டாலர், சேந்தது 1.28 கோடி, போன் வரவே இல்ல. 2015-ல மைக்ரோசாஃப்ட் லூமியா 950 போன்ல இதே மாதிரி கன்டினியம்னு கொண்டு வந்தாங்க, அதுல பழைய விண்டோஸ் புரோகிராம் ஓடாது, புதுசா எழுதுன ஆப் மட்டும்தான் ஓடும், எழுதறதுக்கு ஆள் வரல. 2017-ல உபுண்டுவ உருவாக்குற கனோனிக்கல் கம்பெனி இந்த வேலையையே நிறுத்திருச்சு, அதுக்கப்புறம் யூபிபோர்ட்ஸ்னு தன்னார்வலர்கள் கையில எடுத்து, போனுக்கான உபுண்டு டச்ச நடத்திக்கிட்டு வர்றாங்க. நான் பாத்த வரைக்கும் எட்ஜத் தவிர எல்லா எடத்துலயும் கருவி இருந்துச்சு, ஆப் எழுதத்தான் ஆள் இல்ல. ஆப் இல்லாததால வாங்குறவங்க இல்ல, வாங்குறவங்க இல்லாததால எழுதறவங்க இல்ல.

அதனாலதான் தலைப்புக்கு இவ்வளவு கெடந்து அடிச்சுக்கிறேன். எங்க பசங்க வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது, போன் மட்டும்தான். லேப்ல எழுதுனது வீட்டுக்குப் போனா அப்பா கையில இருக்கிற போன்லயும் ஓடணும். அத ஒரே சொல்லுல சொல்லி அந்தப் புள்ளைகள வான்னு கூப்புடணும். குவிதல்னு போடலாம்னு பாத்தேன், இயற்பியல் டீச்சர் வேணாம்னுட்டாங்க. குவிலென்ஸ் ஒளியக் குவிக்கும், குவி ஆடி விரிக்கும், பரீட்சையில ஏற்கெனவே அதுலதான் பசங்க கொழம்புறாங்கன்னாங்க.

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, இதுக்கு வெளியில எங்கயும் தேட வேண்டாம், இலக்கணத்துலயே இருக்கு. புணர்ச்சி. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது என்ன நடக்குது? மாற்றம் இல்லாம சேந்தா இயல்புப் புணர்ச்சி. மாறுனா விகாரம், அது தோன்றல், திரிதல், கெடுதல்னு மூணு. நீங்க அனுப்புன கையேட்டுல நாலாம் பக்கத்தப் பாத்தேன். திரை பெருசானா பக்கத்துல ஒரு பட்டியல் புதுசா வருதுன்னு எழுதிருக்கீங்க, அது தோன்றல். அடியில இருந்த பொத்தான் வரிசை மேல போய் வேற வடிவம் எடுக்குது, அது திரிதல். பின்னால போற அம்புக்குறி பெரிய திரையில தேவையில்லன்னு மறையுது, அது கெடுதல். கணினிக்காரங்க இப்பக் கண்டுபிடிச்சத நம்ம இலக்கணம் எப்பவோ வகுத்து வச்சிருச்சு.

இன்னொண்ணு. புணரின்னா பழந்தமிழ்ல கடல், அலைன்னும் பொருள் உண்டு. கடற்கரையில நடத்துற பயிற்சிக்கு இதவிடப் பொருத்தமான வேர் கெடைக்குமா? புணரியம்னு போடுங்க. புணரியச் செயலி.

மண்டபம், கணினி ஆசிரியை:

ஐயா, தோன்றல் திரிதல் கெடுதல் படிச்சதும் சிலிர்த்துப் போச்சு, அத அப்படியே நாலாம் பக்கத்துல சேத்துட்டேன். ஆனா தலைப்புல புணரியம் முடியாதுங்கய்யா. பதினேழு வயசுப் பசங்க, பேனர் கட்டுன உடனே சிரிக்க ஆரம்பிச்சா ரெண்டு நாளும் போச்சு. பொம்பளப் புள்ளைங்க பின் பெஞ்சுக்குப் போயிரும், அவங்க முன்னால உக்காரணும்ங்கறதுதான் எனக்கு முக்கியம். பாடத்துல வர்ற புணர்ச்சிக்கே தமிழ் டீச்சர் படுற பாடு உங்களுக்குத் தெரியாததா.

பெங்களூரு, சொந்த ஊர் தங்கச்சிமடம்:

டீச்சர், நான் இந்த வேலையத்தான் தினமும் செய்யறேன். மனசுல பட்டதச் சொல்லிர்றேன், கன்வெர்ஜென்ஸ்னே போடுங்க. அந்தப் பையன் ராத்திரி போன்ல தேடப்போற சொல் அதுதான். லினக்ஸ்ல வர்ற கேடிஈ டெஸ்க்டாப்புல, ஆப் எழுத உதவுற கிரிகாமின்னு ஒரு கூறுத்தொகுப்பு இருக்கு, ஜப்பான்ல காகிதத்த மடிச்சு வெட்டுற கலையோட பேரு அது, அதுல எழுதுனா போன்ல பக்கம் ஒண்ணொண்ணா வரும், அகலமான திரையில அதே பக்கங்கள் பக்கத்துல பக்கத்துல பத்தியா நிக்கும். குனோம்ங்கிற இன்னொரு டெஸ்க்டாப்புல அதே மாதிரி லிப்அட்வைட்டா இருக்கு, 2023-ல வந்த 1.4 பதிப்புல இருந்து அகலம் இவ்வளவுக்குக் கீழ போனா இப்படி மாறுன்னு நாமளே வரையறை வைக்கலாம். இதுக்கெல்லாம் விளக்கம் இங்கிலீஷ்லதான் இருக்கு. நாம புதுப்பேரு வச்சா அவன் ரெண்டு தடவ படிக்கணும்.

கையேட்டுல செயலியும் உதைக்குது. ஒரு எடத்துல ஆப், ஒரு எடத்துல பிராசசர், ரெண்டுக்கும் செயலி. நான் படிச்சப்ப நுண்செயலின்னா மைக்ரோபிராசசர். இத மொதல்ல பிரிங்க.

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

> நாம புதுப்பேரு வச்சா அவன் ரெண்டு தடவ படிக்கணும்

தம்பி, ரெண்டு தடவ படிக்கட்டும், என்ன கெட்டுப்போச்சு? மொதத் தடவ சொந்த மொழியில புரிஞ்சா ரெண்டாந்தடவ பயம் இருக்காது. முப்பத்தி நாலு வருஷம் வகுப்புல நின்னவன் சொல்றேன், புரியாத சொல்ல மனப்பாடம் பண்ணுற பையன் கேள்வி கேக்க மாட்டான். கேள்வி கேக்காதவன் உங்க ஆப்ப எப்படி எழுதுவான்?

மன்னார்:

வணக்கம். இஞ்ச நாங்கள் பிராசசருக்கு முறைவழியாக்கி எண்டுதான் எழுதுறனாங்கள், போனுக்கு கைத்தொலைபேசி. அப்பிடி எடுத்தால் செயலி ஆப்புக்கு மட்டும் நிக்கும். தனுஷ்கோடியில இருந்து பாத்தால் நாங்கள் பக்கத்து ஊர்தானே, ரெண்டு கரைக்கும் ஒரே சொல் இருந்தால் நல்லம்.

பாம்பன், மீன் யாவாரம்:

டீச்சர், தமிழய்யா சொன்னாக, தங்கச்சிமடத்துத் தம்பி சொன்னாப்ல, எல்லாம் படிச்சேன். எனக்குக் கோடு எழுதத் தெரியாது, எம்மவன் உங்க பயிற்சிக்கு வர்றான், அதான் எழுதுறேன். எல்லாரும் ரெண்டு ஒண்ணாச் சேர்றதுக்குப் பேரு தேடுறீக. அது சேரலயே? போன் போனாத்தான் இருக்கு, கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராத்தான் இருக்கு. இங்கிட்டு வடகடல் அங்கிட்டு தென்கடல், நடுவுல பாலம். கச்சான் காத்து வீசுற மாசத்துல தென்கடல் கொந்தளிக்கும், வடகடலுக்குப் போவோம். வாடையில வடகடல் பொல்லாதது, தெக்க போயிருவோம். கடல் ரெண்டும் மாறல, வள்ளமும் அதேதான், வலையத்தான் மாத்துறோம். எந்த வலைய எப்பப் போடணும்னு தெரிஞ்சவன்தான் தொழில்காரன். பேரு வள்ளத்துக்கு வைங்க, கடலுக்கு வைக்காதீக.

கம்பெனியில எடை போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்துறாக, அதே கணக்க வள்ளத்துக்காரன் போன்ல பாத்தா ராத்திரி சண்டை இல்ல. அந்த ஆப்ப எம்மவன் எழுதுனாப் போதும், பேரு என்னவா இருந்தா என்ன.

மண்டபம், கணினி ஆசிரியை:

அண்ணே, ரெண்டு நாளா நான் தேடுனது இதுதான். சேர்றத விட்டுட்டு எழுதுற பொருளுக்குப் பேரு வைக்கணும். அப்ப இருதிரைச் செயலி எப்படி? திரைன்னா அலையும்தான, ஸ்கிரீனும்தான.

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நல்ல சொல். திரைதல்னா சுருங்குறது, மடியுறது. பால் திரையுது, தோல் திரையுது, அதான் நரை திரை மூப்புங்கறோம். தண்ணி மடிஞ்சா அது திரை, துணி மடிஞ்சு தொங்குனா திரைச்சீலை, சீலையில படம் காட்டுனா வெள்ளித்திரை, அங்கேருந்து உங்க கண்ணாடித் திரை. அகலத்துக்குத் தக்கன மடிஞ்சு கொடுக்குறதுதான் இந்த ஆப்போட குணம்னு தம்பியே சொன்னாரு, காகிதத்த மடிக்கிற கலையோட பேர அந்த ஜப்பான்காரப் பேருல வச்சிருக்காங்கன்னும் சொன்னாரு, மடிப்புங்கிற கருத்து நம்ம சொல்லுக்குள்ள தானாவே இருக்கு பாத்தீங்களா.

பெங்களூரு, சொந்த ஊர் தங்கச்சிமடம்:

ஐயா அது அழகாத்தான் இருக்கு. ஆனா இருன்னா ரெண்டு. டேப்லெட், டிவி, கார்ல இருக்கிற திரை இதெல்லாம் எங்க போகும்? 2016-ல கன்வெர்ஜென்ஸ்னு விளம்பரம் பண்ணி வந்த பிக்யூ எம்10-ம் டேப்லெட்தான். வைக்கிறதா இருந்தா பலதிரைன்னு வைங்க.

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பலங்கிற பொருள்ல வர்ற பல்லும் திரையும் சேந்தா பஃறிரை. பல் முன்னால துளி வந்து பஃறுளி, தொடை வந்து பஃறொடை. விதி அதுதான்.

பெங்களூரு, சொந்த ஊர் தங்கச்சிமடம்:

பஃறிரைய என் போன் கீபோர்டுல அடிக்கவே நாலு தட்டு ஆச்சு ஐயா, படிக்கிறவன் என்னன்னு நினைப்பான்.

மன்னார்:

பஃறிரை வேண்டாம் ஐயா. பலதிரை இஞ்சயும் விளங்கும்.

மண்டபம், கணினி ஆசிரியை (வியாழன் ராத்திரி):

இனி காத்திருக்க முடியாது, காலையில ஏழு மணி பஸ்ல கோப்ப எடுத்துட்டுப் போறேன். அட்டையில "பலதிரைச் செயலிகள் எழுதுவோம், வாங்க". அதுக்குக் கீழ சின்ன எழுத்துல கன்வெர்ஜென்ஸ், பையன் தேடணுமே. பிராசசருக்கு முறைவழியாக்கி எடுத்துக்கிட்டேன், மன்னார்காரருக்கு நன்றி. பாம்பன் அண்ணன் சொன்ன வள்ளமும் வலையும் மொதப் பக்கத்துல போட்டிருக்கேன், பேரு போடல, வேணும்னா சொல்லுங்கண்ணே. பிளாட்ஃபார்முக்கு இயங்குதளம்னே விட்டுட்டேன், அது ஓஎஸ்-க்கும் வருதேன்னு உறுத்துது, அடுத்த வாரம் தனியாப் பேசுவோம். கோடு தெரிஞ்சவங்க யாராவது சனிக்கிழமை மதியம் வந்து பசங்க பக்கத்துல உக்காந்தா நல்லாருக்கும், 32 பசங்களுக்கு நாங்க ரெண்டே பேர்.

பெங்களூரு, சொந்த ஊர் தங்கச்சிமடம்:

வெள்ளி ராத்திரி ரயில்ல வர்றேன் டீச்சர். அட்டையப் பத்தி இனிப் பேசல, ஆனா பாடத்துக்குள்ள நான் கன்வெர்ஜென்ஸ்னுதான் சொல்லுவேன்.

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பலதிரை பொதுவழக்கா நிக்கட்டும், தடுக்கல. பஃறிரைங்கறதுதான் சரியான வடிவம்ங்கற என் கருத்து அப்படியேதான் இருக்கு, ரெண்டாம் பதிப்பு போடும்போது அடிக்குறிப்பாவாவது சேத்துக்குங்க. நாலாம் பக்கத்துல கெடுதல்னு வர்ற எடத்துல "கெடுத்தல்"னு பிழை இருக்கு, பஸ் ஏறுறதுக்கு முன்னால திருத்திருங்க அம்மா.