டக்ளஸ் உரையில் வரும் சங்கிலி: விளக்கம் தேவை

வணக்கம் நண்பர்களே. அடிமைத்தளையிலிருந்து தப்பி, அடிமை ஒழிப்புக்காகப் போராடிய அமெரிக்கக் கறுப்பினப் பேச்சாளர் ஃபிரெடரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஆற்றிய அமெரிக்க சுதந்திர தின உரையை முதுகலை மாணவர்களுக்கு நடத்துகிறேன். ஓரிடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

பின்பாதியில் குழப்பமே இல்லை. இந்த நாள் உங்களுடையது, என்னுடையதல்ல என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். இப்போது தேவை வாதமல்ல, சுட்டெரிக்கும் எள்ளல் என்று அவரே அறிவிக்கவும் செய்கிறார்.

சிக்கல் முன்பாதியில்தான். சுதந்திரப் பிரகடனத்தை, நாட்டின் விதி என்னும் சங்கிலியைத் தாங்கும் வளைய ஆணி (சங்கிலியை மாட்டும் வளையம் கொண்ட ஆணி) என்கிறார். கூடவே கப்பல், இருண்ட மேகம், புயலில் சிக்கிய மாலுமி எல்லாம் வருகின்றன. சங்கிலி அறுந்தால் எல்லாம் போச்சு என்கிறார். பால்டிமோர் கப்பல் பட்டறைகளில் வேலை பார்த்தவர், அதனால் கப்பல் சங்கிலி என்று கொள்ளலாம். ஆனால் 1838 வரை அடிமையாக இருந்தவர் சொல்லும்போது அது அதோடு நின்றுவிடுமா?

அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட முன்னோரை அவர் புகழ்வது மனப்பூர்வமானது என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் "நம்" என்னாமல், திரும்பத் திரும்ப "உங்கள் தந்தையர்" என்கிறாரே! அதுவும் அவரை அழைத்தது அடிமை ஒழிப்புக்கு உழைத்த பெண்கள் சங்கம். எள்ளல் அங்கேயே தொடங்கிவிடுகிறதா? இதை வகுப்பில் நடத்தியவர்கள் எப்படி விளக்கினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.