குடுவைச் சுரை நாற்று கொடுத்தவங்க, வாங்கினவங்க: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

திண்டுக்கல் மாடி

ஆடிப்பட்டத்துல போட்ட விதை அத்தனையும் முளைச்சிருச்சு. என் பந்தலுக்கு ரெண்டு கொடியே அதிகம், மிச்சத்தைத் தெருவுலயே கொடுத்துட்டேன். எதிர்வீட்டு அக்காகிட்ட தெளிவாத்தான் சொன்னேன்: "இது குருவிக்கூடு செய்ய. கொடியிலேயே முத்திக் காயணும், பறிச்சிராதீங்க." அவங்க மாடியில எனக்கு வந்ததைவிட நல்லா வந்துச்சு. அதுல ஒரு காய், கழுத்து கொஞ்சமும் கோணாம, அடி உருண்டையா, கடைஞ்செடுத்த மாதிரி. தினம் சாயங்காலம் அதைப் பார்த்துட்டுதான் கீழ இறங்குவேன். போன வாரம் கதவு தட்டுற சத்தம். அக்கா கையில எவர்சில்வர் டப்பா. "தம்பி, உங்க சுரைக்காய்தான். கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு வச்சேன். பிஞ்சு பாருங்க, விதையே இல்ல." டப்பா சுடுது. வாங்கிச் சாப்பிட்டேன். நல்லா வேற இருந்துச்சு, அதான் கடுப்பு.

தாம்பரம் பால்கனி

எங்க வீட்ல மனுஷங்க பரவாயில்ல, அணில்தான். காய்ஞ்ச குடுக்கையில ஓட்டை போட்டு பால்கனி கம்பியில தொங்கவிட்டோம். ஒரு சிட்டு ஜோடி எட்டிப் பார்த்து, நார் எல்லாம் கொண்டுவர ஆரம்பிச்சிருச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல கரக் கரக்னு சத்தம். போய்ப் பார்த்தா, அணில் தலைகீழாத் தொங்கிக்கிட்டு ஓட்டை விளிம்பைக் கடிச்சுப் பெருசாக்குது. தூளெல்லாம் கீழ காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை மேல கொட்டுது. ஆண் குருவி கம்பியில உக்காந்து கத்துது, என் பொண்ணு இந்தப் பக்கம் நின்னு கத்துறா. இப்ப உள்ள அணில் குட்டிங்க. எப்படிங்க துரத்துறது?

கோபிச்செட்டிபாளையம்

திண்டுக்கல் தம்பி, அந்த அக்கா மேல தப்பே இல்ல. பிஞ்சைக் கண்டா சமைக்கத்தான் செய்வாங்க. நாற்று கொடுக்கிறவங்கதான் பந்தல்ல ஒரு காய்க்குச் சிவப்புத் துணி கட்டி "இது விதைக்கு"ன்னு காட்டணும். ஊர்ல அப்படித்தான் செய்வோம்.

எனக்கு உறுத்துறது வேற. எங்ககிட்ட நாற்று வாங்க வந்த ஒருத்தர் கையில வாங்கினதும் கேட்டது, "கசக்குமா?" அவங்க சொந்தத்துல ஒருத்தர் கசப்புச் சுரைச் சாறு குடிச்சு ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில கிடந்தாராம். கேட்டுட்டு நாற்றைத் திருப்பிக் கீழ வச்சுட்டார்.

அதனால எல்லாருக்கும் சொல்றேன். குடுவை ரகமோ நாட்டு ரகமோ, கூட்டு வைக்கும் முன்னாடி பச்சையா ஒரு துளி நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா அப்படியே துப்பிட்டுக் காயைத் தூக்கிப் போடுங்க. அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின்னு ஒரு நச்சு, வேகவச்சாலும் போகாது. கசக்குற சாறைக் குடிக்கவே கூடாதுன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே எச்சரிச்சிருக்கு. இன்னொண்ணு, சுரைப்பூ பொழுது சாயத்தான் விரியும், அந்துப்பூச்சி வரும். பக்கத்து மாடியில வேற சுரை ரகம் இருந்தா உங்க காய் மாறாது, உள்ள இருக்கிற விதை மாறிடும். பீர்க்கு, பூசணியோட எல்லாம் கலக்காது, அந்தப் பயம் வேண்டாம். விதை பகிர நினைக்கிறவங்க, மறுநாள் விரியப்போற பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் முந்தின நாளே துணிப்பை போட்டு மூடுங்க. மறுநாள் சாயங்காலம் ஆண் பூவைக் கிள்ளி உள்ள தடவிட்டு, திரும்ப மூடிக் கட்டுங்க. இதைச் செய்யாம "சுத்தமான நாட்டு விதை"ன்னு தபால்ல அனுப்பாதீங்க.

வட கரோலினா

கோபி அண்ணா, அவர் கூட்டுக் கதை சொன்னார், நீங்க வேளாண் கல்லூரியே நடத்திட்டீங்க :)

தாம்பரம், ஓட்டை என்ன அளவு? சிட்டுக்கு 32 மில்லிமீட்டர் போதும். விளிம்புல தகடு வளையம் அடிச்சா அணில் கடிக்காது.

இங்க அமெரிக்காவுல மார்ட்டின்னு ஒரு பறவைக்குத்தான் குடுக்கை தொங்கவிடுறோம். எங்க தொல்லை, அந்தக் கூட்டைப் பிடிச்சுக்கிற ஸ்டார்லிங் பறவை. மீந்த நாற்றை வீட்டு வாசல்ல "இலவசம்"னு எழுதி வச்சிருந்தேன். பிக்கப்ல வந்த ஒரு தாத்தா இறங்கினார். நாற்றைத் தொடவே இல்ல. "மார்ட்டினுக்கா?"ன்னார். ஆமான்னதும் வண்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். பென்சிலால பிறை மாதிரி ஒரு ஓட்டை வரைஞ்சு, பாக்கெட் கத்தியால வெட்டி, என் முகத்துக்கு நேரா பிடிச்சார்: மூணு அங்குல அகலம், உயரம் ஒண்ணேகாலுக்கும் குறைவு. மார்ட்டின் நுழைஞ்சிரும், ஸ்டார்லிங்கால நுழைய முடியாது. மார்ட்டின் தகைவிலான் இனம், குளிருக்கு பிரேசில் வரைக்கும் போய்த் திரும்புது. ராக்கி மலைக்குக் கிழக்க ஏறக்குறைய எல்லாமே மனுஷங்க தொங்கவிடுற கூட்டை நம்பித்தான் இருக்கு. பூர்வகுடிகள் காலத்துலேருந்தே சுரைக்குடுக்கைதான். பேர்கூட சொல்லாம அட்டையைக் கொடுத்துட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் அந்த வண்டியைப் பார்க்கவே இல்ல.

தாம்பரம் பால்கனி

ஓட்டை ரெண்டு அங்குலம் இருக்கும், எங்க வீட்டுக்காரர் வேலை. தகடு அடிக்கலாம், குட்டிங்க வெளிய வரட்டும்.

காரைக்குடி

விதைத் திருவிழாவுல மேசை மேல காய்ஞ்ச குடுக்கை வச்சிருந்தேன். ஒரு பெரியவர் எடுத்து, காதோரம் வச்சு விரல் முட்டியால தட்டினார். "ஓடு மெல்லிசு. பையில வளர்த்ததா?" ஆமாங்கய்யா. "இதை இடுப்புல கட்டிட்டுக் கிணத்துல குதிச்சா அன்னிக்கே காரியம்தான்." சுரைப்புரடை கட்டி நீச்சல் பழகினவராம். விதை கொடுத்தேன், வேண்டாம்னுட்டார். இதைவிட தடிச்ச ஓடு ரகம் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, தபால் செலவு என்னோடது. துணிப்பை கட்டி எடுத்த விதைதானான்னு கோபி அண்ணாவே கேட்டுக்கட்டும்.