மழைத்தண்ணி என்று தெரிந்த பிறகும் கும்பிடலாமா?

ஊற்றுக்கண் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். போன மாதம் பிள்ளைகளை ஒரு நாள் வெளியே கூட்டிக்கொண்டு போனேன். முதலில் யாழ்ப்பாணம் புத்தூரில் இருக்கிற நிலாவரைக் கிணறு. இராமர் அம்பு விட்டுத் தண்ணீர் எடுத்த இடம், அடியே இல்லாத கிணறு என்ற கதையை அவர்களே சொன்னார்கள். கேட்டுவிட்டு என் பாடத்தைத் தொடங்கினேன். எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணக்கல். மழைத்தண்ணி அதன் வெடிப்புகளால் கீழே இறங்குகிறது. கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025, நன்னீர் 1. அதனால் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடிக்கு நன்னீர் இருக்கும், அதற்கும் கீழே உப்பு. கண்டபடி இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். வெங்காயத் தோட்டக்காரரின் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள், அவர்களுக்கு நான் சொல்லாமலே விளங்கியது.

மத்தியானம் கீரிமலை. அப்பாவுக்கு ஆடி அமாவாசைக் கிரியை அங்கேதான் செய்கிறோம். கேணிப் படியில் இறங்கி, ஒரு கை தண்ணீரைத் தலையில் தெளித்துக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஒரு பெடியன்.

"ரீச்சர், இதுவும் அந்த மழைத்தண்ணிதானே?"

"ஓம்."

"அப்ப ஏன் கும்பிட்டீங்கள்?"

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டான். அதற்குள் மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள், நானும் ஏதோ சமாளித்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னால் "சாமி விசயத்தில் கேள்வி கேட்கக் கூடாது" என்கிறா. கூடப் படித்த தோழி "இரண்டு தோணியில் கால் வைக்காதே" என்கிறாள். இருவரின் பேச்சும் எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பெடியனுக்கு என்ன சொல்லலாம்? "முன்னோர் எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள்" என்ற வகைப் பதில் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

வடமராட்சியான்:

தங்கச்சி, வேண்டாம் என்றாலும் உண்மை அதுதானே! சுவிஸில் அணுவை உடைத்துப் பார்க்கிற சேர்ன் ஆய்வுகூடத்தில் நிற்பது யார்? எங்கள் நடராசர். 2 மீற்றர் உயரம். அணுவுக்குள்ளே நடக்கிற ஆட்டமும் தில்லையில் நடக்கிற ஆட்டமும் ஒன்று என்று வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டுவிட்டான். அந்தப் படத்தைப் பெடியனுக்குக் காட்டுங்கள், அடுத்த கேள்வி வராது.

பழைய வாத்தி:

அடுத்த கேள்வி வராமல் செய்வது வாத்தியாரின் வேலையா தம்பி? அந்தச் சிலை 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. அழகான சிலை. அன்பளிப்பு என்பது ஆய்வு முடிவு ஆகாது.

ஊற்றுக்கண் பிள்ளை, நானும் பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது காலையில் வாழைக்குத் தண்ணி விடுகிறேன், பின்னேரம் இங்கே வாசிக்கிறேன். உமது மாணவன் கேட்டது எங்கள் ஊருக்குப் பழைய கேள்வி. அமெரிக்க மிசன்காரர் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கி, வானசாத்திரமும் படிப்பித்தார்கள். நல்ல படிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே ஒரு கணக்கு இருந்தது: புராணம் சொல்கிற உலக அமைப்புப் பிழை என்று காட்டினால் சைவம் தானாகச் சரிந்துவிடும். 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம். அராலி விசுவநாத சாஸ்திரியார் பரம்பரைப் பஞ்சாங்கக்காரர், அவர் ஒரு நேரம் குறித்திருந்தார். செமினரித் தலைவர் டானியல் பூவரின் கணக்கில் வேறு நேரம். தொடக்கத்தில் வித்தியாசம் கால் மணித்தியாலம் அளவுதான். கிரகணம் வந்தது. பூவரின் கணக்கே சரியாக இருந்தது.

இதில் நான் ரசிக்கிற இடம் ஒன்று. சாஸ்திரியார் குறித்தது பாம்பு விழுங்குகிற நேரத்தை அல்ல, பூமியின் நிழலைத்தான். சந்திர கிரகணம் நிழலால் வருகிறது என்று ஆரியபட்டர் 499இலேயே எழுதிவிட்டார். பஞ்சாங்கக் கணக்கும் அந்த வழியில் வந்ததுதான். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்த வாக்கியங்களைக் கொண்டே 1825 கிரகணத்தைக் கணித்ததை ஜோன் வாறன் என்கிற அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகு, முடிவில் 52 நிமிடம். சோழியை வைத்துக்கொண்டு! 52 நிமிடம் பிழை என்று சொல்லத்தான் வேண்டும், கையெடுக்கவும் வேண்டும்.

சரி, பூவர் வென்றார். ஊர் என்ன செய்தது? புது வானசாத்திரத்தைப் படித்தது, கோயிலுக்கும் போனது. இன்றைக்கும் எங்கள் வீடுகளில் பழைய கணக்கில் வாக்கியம் ஒன்று, திருத்திய கணக்கில் திருக்கணிதம் ஒன்று என்று இரண்டு பஞ்சாங்கம் கிடக்கிறது. வருடப்பிறப்புக்கு இரண்டும் ஒரே நேரம் சொல்லாது. கைவிசேடம் எப்போது வாங்குவது என்று வீட்டில் சண்டை வரும், நல்லூரான் இருக்கிறாரா என்று சண்டை வராது. எங்கள் சனம் தன் சாமியைக் கிரகணக் கணக்கில் அடகு வைக்கவில்லை.

தம்பி, இப்போது நாங்கள்தான் அடகு வைக்கிறோம். மிசன்காரர் சொன்னது: "கணக்குப் பிழை, ஆகவே உன் தெய்வம் பொய்." நீர் சொல்வது: "கணக்குச் சரி, ஆகவே என் தெய்வம் மெய்." வாய்பாடு ஒன்று, குறி மட்டும் மாறியிருக்கிறது. நாளைக்கு அணுவைப் பற்றிய கொள்கை மாறினால் நடராசரை என்ன செய்வீர்?

பிள்ளை, நிலாவரையில் நீர் தண்ணீரைப் பற்றிப் பேசினீர். கீரிமலையில் அப்பாவோடு பேசினீர். அப்பா எங்கே என்பதற்கு அடர்த்திக் கணக்கில் விடை இல்லை, அதில் இருப்பதாக நீரும் சொல்லவில்லையே. இதை அவனிடம் அப்படியே சொல்லலாம், 17 வயதுப் பெடியனுக்கு விளங்கும். ஆனால் ஒரு எல்லை. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகம் அந்தக் கேணியில்தான் மாறியது என்பது தலக்கதை, கேட்டு மகிழலாம். "நீங்களும் முழுகினால் வருத்தம் மாறும்" என்று ஒருவர் சொன்னால் அது வேறு பேச்சு. அது சோதிக்கக்கூடியது. சோதிக்கத்தான் வேண்டும், அங்கே பக்திக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.

கரைவலை:

வாத்தியார் சொன்ன அடகுக் கதை எங்கள் வேதக்காரர் பக்கமும் நடந்தது. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜோர்ஜ் லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர், பெல்ஜியத்தவர். 1927இல் அண்டம் விரிகிறது என்று கணக்கோடு எழுதினார், 1931இல் அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்றார். 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், விஞ்ஞானம் படைப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டது என்ற மாதிரிப் பேசினார். எங்கள் பங்கில் யாராவது அப்படிப் பேசினால் கைதட்டியிருப்போம். லெமெய்த்ருக்குப் பிடிக்கவில்லை. தன் கொள்கை கடவுள் விவகாரத்துக்கு வெளியே நிற்கிறது, நம்புகிறவனும் நம்பாதவனும் அதை வைத்து வேலை செய்யலாம் என்பதுதான் அவருடைய நிலை. காலையில் பூசை வைக்கிற மனிசனே இப்படி நின்றிருக்கிறார்.

நைட் டியூட்டி:

வாத்தியார் போட்ட அந்த எல்லையில்தான் எங்கள் பிழைப்பு. நான் தாதி. எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை, அதை வாட்டில் யாரிடமும் சொல்வதும் இல்லை. கட்டில் தலைமாட்டில் திருநீற்றுப் பை, மாதா படம், தகட்டு நூல் எல்லாம் இருக்கும். கானுலா (மருந்து ஏற்றுகிற ஊசிக்குழாய்) போடுகிற இடத்தில் நூல் இருந்தால் மற்றக் கைக்கு மாற்றிக் கட்டச் சொல்வேன், அவ்வளவுதான்.

பயம் வருவது கந்தசஷ்டிக்கு. ஒரு முறை சூரன்போர் பார்க்கப் போன அம்மா ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலையில் வழமைபோல இன்சுலின் போட்டிருக்கிறா, சாப்பாடு இல்லை. இரத்தத்தில் சீனி 42க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிக் கண் திறந்ததும் "முருகா" என்றா. பக்கத்தில் நின்ற மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்தேன். விரதம் பிடிக்காதேங்கோ என்று சொன்னால் அடுத்த வருடம் எங்களுக்குச் சொல்லாமல் பிடிப்பா. அதனால் "விரதத்துக்கு முதலே கிளினிக்கில் சொல்லுங்கோ அம்மா, மருந்தின் அளவையும் நேரத்தையும் டொக்டர் மாற்றித் தருவார், தலை சுற்றினால் உடனே இனிப்பு எடுங்கோ, முருகன் கோவிக்க மாட்டார்" என்றேன். கடைசி வரியை நான் சொன்னது பொய்யா என்று எனக்குத் தெரியாது. வேலை செய்தது.

ஊற்றுக்கண்:

எல்லோருக்கும் நன்றி. சேர், உங்கள் பதிலை அவனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப மழைக்கும் கிணற்றுக்கும் கிரகணத்துக்கும் கடவுள் தேவையில்லை என்றால் அவருக்கு என்ன ரீச்சர் வேலை?" என்கிறான்!

பழைய வாத்தி:

கெட்டிக்காரன். அவனுக்கு நியூட்டனைச் சொல்லும். கோள்கள் ஒன்றை ஒன்று இழுப்பதால் காலப்போக்கில் ஒழுங்கு குழம்பும், கடவுள் இடைக்கிடை கை வைத்துச் சீர்செய்ய வேண்டிவரும் என்று நியூட்டன் நினைத்தார். அவருக்குப் பிறகு லப்பிளாஸ் கணக்குப் போட்டு, அந்தக் குழப்பங்களில் பெரியவை தாமாகவே திரும்பிச் சமன்படுகின்றன என்று காட்டினார். கடவுளுக்கு நியூட்டன் கொடுத்த வேலை போய்விட்டது. கணக்கு முட்டுகிற இடத்தில் எல்லாம் கடவுளை நிறுத்தினால் இந்தக் கதிதான், ஒவ்வொரு முறையும் அவரை எழுப்பி அடுத்த கதிரைக்கு அனுப்ப வேண்டும். நான் கும்பிடுவது அந்த ஒழுங்கு ஏன் இருக்கிறது, அதைப் பார்த்து வியக்க நாங்கள் ஏன் இருக்கிறோம் என்ற இடத்தில் நின்று. தாதிப் பிள்ளை அதே இடத்தில் நின்று கும்பிடாமல் போகலாம். கிரகண நேரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

வடமராட்சியான்:

சேர், நடராசரை விடுங்கள். இராவணனின் புட்பக விமானம்?

பழைய வாத்தி:

2019இல் மேலே போன இலங்கையின் சிறு செய்மதிக்கு "ராவணா 1" என்று பேர் வைத்தார்கள் தம்பி. பேரோடு நிறுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.